வெட்ட முடியாத இடங்கள்

ஊர் வரலாற்றுக் கழகத்தில் அவருக்குக் கத்தரி அக்கா என்று பெயர். வைத்தவர் கழகத் தலைவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்பதால் அடுத்தவருக்குப் பெயர் வைப்பதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. அக்காவைவிட அவர் வயதில் ரொம்பவே மூத்தவர். இருந்தாலும் எல்லாரும் கூப்பிடுகிறார்களே என்று அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. வேலை பார்த்த காலம் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடமெல்லாம் “ஏம்மா தூங்கிட்டியா?” என்று வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு, அக்கா என்பது பதவி உயர்வு மாதிரிதான்.

கழகம் என்றதும் தூணும் மண்டபமுமாக நினைத்துவிட வேண்டாம். பொது நூலகத்தின் மாடியில் ஒரு நீளமான அறை, அவ்வளவுதான். இரண்டு மேசை, எவ்வளவு அழுத்தினாலும் கதவு மூடாத ஓர் இரும்பு அலமாரி, ஒரு கம்ப்யூட்டர், உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் நாற்காலிகள். சனிக்கிழமை மதியம் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. டீ வேண்டுமென்றால் அவரவர் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். ஒரு வாரம் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பாசி பிடித்த கற்களை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துப் பெயர் படிப்பார்கள். இன்னொரு வாரம், யாரோ வீடு காலி செய்யும்போது கொடுத்த போட்டோக்களை மேசையில் பரப்பி, “இது பழைய மார்க்கெட்”, “உங்க தலை, இது பழைய பஸ் ஸ்டாண்ட்” என்று சண்டை போடுவார்கள். சண்டை முடிவுக்கு வராத போட்டோக்களைப் போடத் தனியாக ஒரு பெட்டி உண்டு. இருப்பதிலேயே பெரிய பெட்டி அதுதான்.

அக்கா வரலாற்றின் மேல் ஆசைப்பட்டு வந்தவர் அல்ல. அவரும் அவருடைய வீட்டுக்காரரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றார்கள். ஒரே ஹாலில் இரண்டு ஓய்வூதியக்காரர்கள், ஒரு டிவி, ஒரு ரிமோட். யோசித்துப் பாருங்கள். “சனிக்கிழமையாவது எங்கயாவது போயிட்டு வாயேன். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது” என்று வீட்டுக்காரர் சொன்னார். நூலகத்துக்குப் புத்தகம் எடுக்கப் போன அக்கா, மாடியில் கூச்சல் கேட்கிறதே என்று ஏறிப் பார்த்தார். போட்டோ சண்டை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஏறினவர்தான்.

அவருக்கு ஒரு சொத்து உண்டென்றால் அது காது. தொலைபேசி நிலையத்தில், அழைப்பை எடுத்ததும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டால் போதும், எந்தக் கடை முதலாளி, இன்றைக்கு யார் மேல் கோபம் என்று சொல்லிவிடுவார். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு அவரை பில் பிரிவுக்கு மாற்றினார்கள். காதுக்கு லீவு, கண்ணுக்கு வேலை. அந்த வருஷங்களைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை.

கழகம் அவருடைய காதுக்கு மறுபடி வேலை கொடுத்தது. ஊரில் வயதானவர்களைத் தேடிப்போய் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்வதுதான் கழகத்தின் முக்கியமான காரியம். தலைவர் கேள்வி கேட்பார், அக்கா கருவியைப் பார்த்துக்கொள்வார். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததையெல்லாம் வெட்டி எடுப்பார். இருமல், தும்மல், டம்ளர் வைக்கும் சத்தம், தெருவில் போகும் ஹாரன், பக்கத்து வீட்டு நாய், எல்லாம் காலி. “ஒரு பதிவு, ஒரு குரல்” என்பது கழகத்தின் சட்டம். தன் கேள்விகளையும் சேர்த்து வெட்டச் சொன்னவர் தலைவர்தான் என்பதால் அவரை நியாயமான மனிதர் என்றே சொல்ல வேண்டும். அவருடைய கேள்விகள் பதிலைவிட நீளமாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

அக்கா வெட்டினால் வெட்டின இடம் தெரியாது. ஒருவர் மூச்சு இழுக்கும் இடத்தில் வெட்டி, அதே மூச்சை விடும் இடத்தில் ஒட்டுவார். திக்கித் திணறிப் பேசுகிற தாத்தாக்கள்கூட அக்காவின் கை பட்டால் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுவார்கள். “நானா இப்படிப் பேசினேன்?” என்று அவர்களே வாயைப் பிளப்பார்கள். அந்த வியப்பில் அக்காவுக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. அதை அவர் மறைத்ததும் இல்லை.

அவருடைய ஆரம்ப கால வேலைகளில் ஒன்று, ஐஸ்காரரின் பதிவு. ஊரில் அப்போது மூடிக் கிடந்த ஐஸ் ஃபாக்டரியில் கடைசிவரை வேலை பார்த்தவர். யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத ஐஸ்காரர் என்று பெயர் எடுத்தவர். ராட்சத மோட்டார்களின் பக்கத்திலேயே வாழ்ந்ததால் காது கொஞ்சம் மந்தம், பேச்சோ கத்தல். சாப்பாட்டு மேசையில் கருவியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அவர் உப்புத்தண்ணித் தொட்டியைப் பற்றியும், தகர அச்சுகளைப் பற்றியும், ஐஸ் பாளத்தை மரத்தூளில் உருட்டி லாரியில் ஏற்றுவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தலைவர் ஒரு கேள்வி கேட்டால் பதில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. சமையலறைக்குள் ஐஸ்காரரின் மனைவி ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். “அது அந்த வருஷம் இல்ல.” “அந்த மேனேஜர் பேரு அது இல்ல.” “முக்கியமானதை விட்டுட்டாரு பாருங்க.”

அந்தப் பதிவைச் சுத்தம் செய்ய அக்காவுக்கு உயிரே போய்விட்டது. கணவர் ஒரு வரி, மனைவி ஒரு வரி, பிறகு கணவர் “சரி சரி, நீ சொல்றதுதான்” என்று ஒரு வரி. அந்த அம்மாவின் வரியை எடுத்தால் இவருடைய “சரி சரி” அநாதையாக நிற்கும். அதையும் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபோது ஐஸ்காரர் தனியாளாக உட்கார்ந்து, தங்குதடையில்லாமல், ஐஸ் ஃபாக்டரியின் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு விழாவில் அதைத்தான் ஒலிபரப்பினார்கள். கைதட்டல் நிற்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஐஸ்காரரின் மனைவி, விழா முடிந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என்னம்மா மாயம் பண்ணினே? இந்த மனுஷன் நான் இல்லாம இவ்வளவு நேரம் பேசினது இதுதான் முதல் தடவை!”

அக்காவும் சிரித்தார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். அந்த அம்மா அடுத்த வருஷமே போய்விட்டார். கழகத்தின் சார்பில் தலைவரும் அக்காவும்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பிறகு எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. ஒரு சனிக்கிழமை மதியம், மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டது. முதலில் ஐஸ்காரருடைய மகள் வந்தார், பின்னால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஐஸ்காரர். ஆள் பாதியாகிவிட்டார். குரல் மட்டும் அதே கத்தல்.

“அன்னிக்கு வீட்டுக்கு வந்து டேப் எடுத்தீங்களே, அது இருக்கா?”

“இருக்காவா? நம்ம கழகத்தோட பொக்கிஷமே அதுதானே!” என்று தலைவர் எழுந்து நாற்காலி போட்டார்.

“எனக்கு அதைக் கேக்கணும். என் பேச்சு இல்ல. என் பேச்சை யாரு கேப்பா? அதுல அவ பேசினது இருக்கும். குறுக்க குறுக்கப் பேசிக்கிட்டே இருந்தாளே, அது.”

மகள் தாழ்ந்த குரலில் அக்காவிடம் விளக்கினார். அம்மா இருந்த காலத்தில் வீட்டில் இருந்தது பொத்தான் வைத்த சாதாரண போன். வீடியோ ஒன்றும் கிடையாது. கல்யாண வீடியோவில் அம்மா வருகிறார், ஆனால் அதில் முழுக்கப் பாட்டுதான் ஓடுகிறது. “கொஞ்ச நாளா அப்பா ஒரே புலம்பல், அக்கா. முகம் இருக்கு, போட்டோ மாட்டி வெச்சிருக்கோம். குரல் மறந்து போச்சுன்னு சொல்றாரு. ‘அவ எப்படிக் கூப்பிடுவான்னு யோசிக்கிறேன், உன் குரல்தான் வருது’ங்கிறாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா வாயெடுப்பதற்குள் தலைவர் பெரிய ஸ்பீக்கரைச் செருகிப் பதிவை ஓடவிட்டார்.

அறை முழுக்க ஐஸ்காரரின் பழைய குரல் நிறைந்தது. ஐஸ்காரர் முன்னால் சாய்ந்து, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். தொட்டியைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தது. “இப்ப வருவா” என்றார். வரவில்லை. அச்சு வந்தது, மேனேஜர் வந்தார். “மேனேஜர் பேரை நான் தப்பாச் சொன்னேன், இப்பப் பாருங்க, கத்துவா.” பதிவில் அவர் தப்பான பெயரைச் சொல்லிவிட்டு நிம்மதியாக அடுத்த விஷயத்துக்குப் போனார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் கலர் லாரி வந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு போன கதை வந்தது.

“இங்கதான்!” என்று ஐஸ்காரர் நிமிர்ந்தார். “இங்க பெரிய சண்டை. நான் சாம்பல்னு சொன்னேன், அவ பச்சைன்னா. அவங்க அப்பா மீன் கடைக்கு ஐஸ் வாங்க தினம் ஃபாக்டரி கேட்டுல வந்து நின்னவ அவ. லாரி வழியை மறிச்சுக்கிட்டு நிக்கும், அவ டிரைவரைத் திட்டுவா. அப்படித்தான் நான் அவளைப் பார்த்ததே. எல்லாத்தையும் சொன்னா இந்த இடத்துல. இருங்க, வரும்.”

பதிவில் சாம்பல் கலர் லாரி கிளம்பிப் போய்விட்டது. பின்னால் யாரும் கத்தவில்லை.

“ஐயா,” என்றார் அக்கா. எழுந்து போய்ப் பதிவை நிறுத்தினார். “அது வராதுங்க. நான் வெட்டிட்டேன்.”

“என்னது?”

அக்கா அவர் காதருகே குனிந்து மறுபடி சொன்னார். அந்த வாக்கியத்தை இரண்டாவது தடவை, அதுவும் சத்தமாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. “அம்மா பேசினதை எல்லாம் நான் வெட்டி எடுத்துட்டேங்க.”

ஐஸ்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. புரியாத பார்வை.

“ஏம்மா? அவ ஏதாவது தப்பாப் பேசிட்டாளா?”

“ஐயோ, இல்லைங்க. அவங்க ஒண்ணும் தப்பாப் பேசல. எங்க பதிவுல ஒருத்தர் குரல்தான் வெப்போம். அது ஒரு சட்டம்.”

“ஓ, சட்டமா,” என்று ஐஸ்காரர் தலையாட்டினார். “ஃபாக்டரியிலயும் நிறைய சட்டம் இருந்துச்சு.” மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படி இறங்கும்போது மகளிடம் ரகசியம் கேட்பதாக நினைத்துக்கொண்டு அவர் கேட்டது மாடிவரை கேட்டது. “அப்ப, எங்கயுமே இல்லையா அவ?”

அன்றைக்கு அக்காவின் பிளாஸ்கில் டீ அப்படியே இருந்தது.

எல்லாரும் போன பிறகு இரும்பு அலமாரியைக் குடைய ஆரம்பித்தார். ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தக் காலத்தில் பதிவு செய்தது கேசட்டில். கம்ப்யூட்டரில் வெட்டினாலும் கேசட் தனியாக இருக்குமே? இருந்தது. முதுகில் அவருடைய கையெழுத்தில் ‘ஐஸ் ஃபாக்டரி’ என்று எழுதி, அதை அடித்து, மேலே ‘தபால்காரர்’ என்று எழுதியிருந்தது. கடைகளில் கேசட் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட சமயம் அது. ஒரு பதிவு கம்ப்யூட்டருக்குப் போனதும் அதே கேசட்டை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், பழைய பேச்சின் மேல் புதுப் பேச்சு பதியும்.

இருந்தாலும் போட்டுக் கேட்டார். தபால்காரர் தன்னைக் கடித்த நாய்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கழகத்திலேயே அதிகம் சிரிக்க வைத்த பதிவு அது; அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தபால்காரர் பேச்சைச் சீக்கிரம் முடித்திருந்தால், கேசட்டின் கடைசியில் பழைய பேச்சு கொஞ்சம் அழியாமல் மிஞ்சியிருக்கலாம். சில பேர் வேலையில் அப்படித்தான் ஆகும். நாய்கள் தீர்ந்தன. அக்கா காத்திருந்தார். வெறும் இரைச்சல். ரீல் முடியும்வரை வெறும் இரைச்சல்தான். அக்கா எந்தக் கேசட்டையும் மறுபடி பயன்படுத்துவதற்கு முன்னால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இருந்ததையெல்லாம் அழித்துச் சுத்தமாகத் துடைத்துவிடுவார். வேலையில் அவ்வளவு சுத்தம். தன் சுத்தத்தின் மேல் தனக்கே இப்படி எரிச்சல் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தும் மனசு சரியில்லை. டிவியில் ஏதோ விவாதம். கோட்டுப் போட்ட நான்கு பேர் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ரிமோட்டை நீட்டியபடி எரிந்து விழுந்தார்.

“ஒருத்தன் சொல்றதாவது காதுல விழுதா பாரு! எல்லாரும் ஒண்ணா கத்தினா எவனை எவன்கிட்டேருந்து பிரிக்கிறது?”

அக்கா சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றார்.

“என்ன ஆச்சு?”

“பிரிக்க முடியாது,” என்றார் அக்கா. “பிரிக்க முடியாதுங்க!”

“அதைத்தானே நானும் சொல்றேன்,” என்றார் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து மனைவி தன்னோடு இவ்வளவு உற்சாகமாக ஒத்துப்போனதில்லை என்பதால் அவருக்குக் கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது.

விஷயம் இதுதான். கத்தரிக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் பேசி நிறுத்தி, அடுத்தவர் பேசினால் வெட்டலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் வெட்ட முடியாது. ஒரு குரலை எடுத்தால் மற்றதும் சேர்ந்து போய்விடும். ஐஸ்காரரின் பதிவில் அப்படி நாலைந்து இடங்கள் இருந்தது அக்காவுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்த இடங்களைக் கெட்டுப்போன இடங்கள் என்றுதான் சொல்வார். துவைத்தும் போகாத கறையைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பார்த்து எரிச்சல்பட்டு, வேறு வழியில்லாமல் விட்டுவைத்தார். பெரிய ஸ்பீக்கரில் ஐஸ்காரரின் கத்தலுக்கு அடியில் அவை யாருக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே நூலகரிடம் சாவி வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பு சுத்தம் செய்த அதே பதிவை, இந்தத் தடவை அழுக்கைத் தேடிக்கொண்டு கேட்டார். மூடிய அறை, காற்றாடிச் சத்தம்கூட இடைஞ்சல் என்று அதையும் நிறுத்திவிட்டார். வியர்வை காதோரம் வழிந்தது.

முதலில் கிடைத்தது ஒரே ஒரு சொல். ஐஸ்காரர் மோட்டாரின் குதிரைச் சக்தியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். அதற்கு அடியில், சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, மெல்லிய, கூர்மையான ஒரு குரல். “பொய்யி!”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

பிறகு ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அவர் பாளம் தூக்கும் இடுக்கியை வர்ணிக்கும்போது, “அவங்களுக்குத் தண்ணி குடுத்தீங்களா, இல்லையா?” ஐஸ் உறைய வைக்கிற அமோனியா வாயு கசிந்த கதையின் நடுவில், “அன்னிக்கு நான் எப்படிப் பயந்துபோனேன்னு சொல்லுங்க. அதைச் சொல்லவே மாட்டாரு.” இன்னோர் இடத்தில் வார்த்தையே இல்லை, ஒரு சிரிப்பு மட்டும். கடைசியில் இருந்தது கொஞ்சம் நீளம். ஃபாக்டரியை மூடின நாளைப் பற்றி ஐஸ்காரர் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்க, அந்த அம்மாவும் விடாமல் கூடவே பேசிக்கொண்டே போனார்.

கேட்கக் கேட்க அக்காவுக்கு ஒன்று உறைத்தது. அந்த மனுஷன் மனைவி பேசுகிறாளே என்று மரியாதையாக நிறுத்திக் கேட்ட இடங்களில் எல்லாம் அந்த அம்மா வெட்டுப்பட்டுப் போய்விட்டார். காது மந்தத்தில் கேட்காமலோ, கேட்டும் விட்டுக்கொடுக்காமலோ அவர் மேலே மேலே கத்தின இடங்களில் மட்டும் அந்த அம்மா மிஞ்சியிருந்தார். நல்லபடியாகப் பேசிக்கொண்டதெல்லாம் கத்தரிக்குப் போய், முட்டிக்கொண்டது மட்டும் தப்பித்திருக்கிறது. இது என்ன நியாயம் என்று யாரைக் கேட்பது? கத்தரி பிடித்த கை தன்னுடையது என்பதால் அக்கா யாரையும் கேட்கவில்லை.

ஐஸ்காரரின் குரலைக் கொஞ்சம் அமுக்கி, அந்த அம்மாவின் குரலைத் தூக்கிவிடலாம் என்று எவ்வளவோ பார்த்தார். அவரைக் குறைத்தால் அந்த அம்மாவும் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆனார். இப்படித் திருகி, அப்படித் திருகி, வாரக் கடைசியில் கைவிட்டார். இருந்தபடியே அந்தத் துண்டுகளை மட்டும் தனியே எடுத்து, அடுத்தடுத்து வைத்து, இடையில் மூச்சுவிட நேரம் விட்டார்.

சனிக்கிழமை தலைவரிடம் போட்டுக் காட்டினார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண் திறந்தபோது அவர் கேட்ட கேள்வி வேறு.

“அப்போ அந்த லாரி பச்சையா?”

“போன வாரம் ஐஸ்காரர் இங்க வந்து சொன்னதைக் கேட்டீங்கல்ல. அந்த அம்மா தினம் பார்த்தவங்க.”

“நாம போட்ட ஊர் வரலாற்றுப் புத்தகத்துல சாம்பல்னு எழுதிட்டோமே, அக்கா! பள்ளிக்கூடப் பிள்ளைங்க படம் வரைஞ்சு கலரும் அடிச்சிருச்சு!” தலைவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கிழவரின் துக்கம் அசைக்காத சட்டத்தை லாரியின் நிறம் அசைத்துவிட்டது. மனிதர்கள் இப்படித்தான், அவரவருக்கு வலிக்கிற இடம் வேறு. “இனிமே வெட்டறதுக்கு முன்னாடி முழுசா ஒரு நகல் எடுத்து வெச்சிடுங்க. கூடப் பேசறவங்க யாரு, எவருன்னும் எழுதிடணும்,” என்றார். கொஞ்சம் நின்று, “நீங்க அவர் வீட்டுக்கே போயிட்டு வந்துடுங்க. பாவம், அவரை மறுபடி படி ஏற வைக்க வேண்டாம்,” என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே அக்கா போனார். அதே சாப்பாட்டு மேசை, மேலே புது விரிப்பு. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றார். அக்கா சின்ன ஸ்பீக்கரை மேசை மேல் வைத்தார்.

“ஐயா, கொஞ்சம்தான் இருக்கு. நல்லாவும் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து பேசின இடம் மட்டும்தான் தப்பிச்சிருக்கு. முன்னாடியே சொல்லிடறேன், ரொம்ப எதிர்பார்க்காதீங்க.”

ஐஸ்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அக்கா ஓடவிட்டார். மோட்டாரின் குதிரைச் சக்தி முழங்கியது. கதவருகே நின்ற மகள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். ஐஸ்காரரின் முகத்தில் மாற்றமே இல்லை. இடுக்கி வந்தது, அமோனியா வந்தது, சிரிப்பு வந்து போனது, ஃபாக்டரி மூடின நாளும் வந்து முடிந்தது.

“நான்தான் கத்தறேன்,” என்றார் ஐஸ்காரர். “அவளைக் காணோமே.”

இந்த மந்தக் காதை அக்கா கணக்கிலேயே எடுக்கவில்லை. தன் காதில் விழுந்ததெல்லாம் ஊர்க் காதில் விழும் என்று நினைப்பதே அவர் வழக்கம். “இருக்காங்க ஐயா. உங்க குரலுக்குப் பின்னாடி இருக்காங்க. உங்க குரலைக் கேக்காதீங்க, அந்தப் பக்கம் கேளுங்க,” என்று தன் ஹெட்போனைப் பையிலிருந்து எடுத்து அவர் தலையில் மாட்டி, கைகளால் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து, ஹெட்போனில் ஏற்றக்கூடிய அளவுக்கு ஏற்றி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

குதிரைச் சக்தி. இடுக்கி. ஐஸ்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அமோனியா கசிந்த கதை வந்தபோது அவர் கை மேசை விரிப்பைப் பிடித்தது. விரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. மகள் ஓரடி முன்னால் வைத்தார். ஐஸ்காரர் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். ஃபாக்டரி மூடின நாள் ஆரம்பித்தது. பழைய ஐஸ்காரர் வழக்கம்போல் அண்டம் அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

ஹெட்போன் மாட்டினவர்கள் எல்லாரையும்போலவே ஐஸ்காரரும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி, ஆனால் அக்காவிடமும் இல்லை, மகளிடமும் இல்லை, தன் காதுக்குள் கத்திக்கொண்டிருந்த அந்தப் பழைய மனுஷனிடம் சொன்னார்.

“டேய், கொஞ்சம் வாயை மூடுடா. அவ என்னமோ சொல்றா.”